ஆற்றில் விட்டதாகச் சொன்ன அம்மன்

திருப்பதியில் நான் துப்புரவு வேலை செய்கிற ஓட்டலின் முன்கூடத்தில், ஒரு நாள் புதிதாக ஒரு மர அம்மனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பழங்காலச் சிற்பம், கையால் செதுக்கியது என்று கீழே பித்தளைத் தகடு. கையால் செதுக்காமல் பின்னே காலாலா செதுக்குவார்கள்? தினமும் துடைக்க வேண்டும் என்றார் மேனேஜர். துணியோடு குனிந்தபோதுதான் பார்த்தேன். வலது முழங்கையில் துருப்பிடித்த இரும்புப் பட்டை. எங்கள் ஊர்க் கெங்கம்மா!

குடிபாலா பக்கத்தில் எங்கள் ஊர். ஊர்வலம் எங்கள் காலனிக்குள் வராது. தெருமுனையில் நின்று கும்பிட்டுக்கொள்ள வேண்டும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அம்மனைத் தூக்கி வந்தவர்கள் குடிபோதையில் தடுமாறிச் சரித்துவிட்டார்கள். முனையில் நின்ற என் நைனா பாய்ந்து மார்போடு பிடித்துக்கொண்டார். அம்மனுடைய வலது கை மட்டும் தரையில் இடித்து முறிந்தது. தூக்கினவர்களை ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மனைத் தொட்டான் என்று என் நைனாவைத்தான் புளியமரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். முதல் அடி தர்மகர்த்தாவுடையது.

முறிந்த கைக்கு இரும்புப் பட்டை அடித்துப் பல வருஷம் கும்பிட்டார்கள். மூன்று வருஷம் முன்பு கல்லில் புது அம்மன் வந்தது. ஊனமான சாமி ஊருக்கு ஆகாது, முறைப்படி ஆற்றில் விட்டாயிற்று என்றார் அதே தர்மகர்த்தா. ஊர்ப் பெண்கள் அழுதார்கள். அழுது முடித்து, "அந்தாளு கை பட்டதாலதான் நம்ப அம்மா ஆத்தோட போய்ட்டா" என்று நைனாவைத் திட்டினார்கள். அதிலிருந்து திருவிழா நாளில் நைனா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பார்.

இப்போது சொல்லுங்கள், எனக்குக் கோபம் வருமா வராதா? ஊரில் போய்ச் சொன்னால், ஓட்டலில் கக்கூஸ் கழுவுகிறவள் பேச்சு என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் துடைத்தேன்.

போன தை மாதம் எங்கள் ஊர்க் கல்யாணம் அதே ஓட்டலில் நடந்தது. பட்டு வேட்டி சரசரக்க தர்மகர்த்தா வந்தார், பின்னால் ஊர்ச்சனம். சேலையும் மஞ்சளும் இல்லாமல் வார்னிஷ் பூசி நின்றவளை ஊர்ச்சனத்தில் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. நான் வேண்டுமென்றே அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏய்! அம்மா மேல கை வெக்காதடி!"

தர்மகர்த்தாதான். அத்தனை வருஷப் பழக்கம், அவரைக் கேட்காமலே வாய் கத்திவிட்டது.

அவருடைய அக்காதான் முதலில் கேட்டாள்: "எந்த அம்மாடா? ஆத்துல உட்டுட்டேன்னு சொன்னியே?" கிட்டே வந்து இரும்புப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். "அடப்பாவி! வித்துட்டியா?"

என்ன சண்டை என்று மேனேஜர் தெலுங்கில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். வேலை போனால் மயிரே போச்சு என்று அம்மன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றேன்.

"என் நைனா புடிச்சாரு, ஒரு கையோட போச்சு. உன்னை நம்பிக் குடுத்தாங்க, அம்மாவே போய்ட்டா. இப்ப சொல்லுய்யா, யாரைக் கட்டி வெச்சு அடிக்கலாம்?"