லைன் கொடுக்கிறவள்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆத்துக்கடைத் தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில், அனுசியாவின் வீட்டு அடுப்பில் வாரத்துக்கு ஒருநாள்தான் குழம்பு கொதிக்கும். ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் அவளுடைய அண்ணன் தங்கப்பாண்டியன் ராஜபாளையத்திலிருந்து ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு பைக்கில் வருவார். மற்ற நாளெல்லாம் தயிரும் ஊறுகாயும்தான். ஒற்றைக் கட்டைக்கு என்னத்தைப் பொங்கி என்னத்தைத் திங்க என்பாள், யாராவது கேட்டால். கேட்கத்தான் ஆள் கிடையாது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருபது வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்று காபியைக் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: நைட் டூட்டி உண்டா? உண்டு என்றதும், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அவர்கள் வீட்டில் யாருக்காவது ராத்திரியில் நெஞ்சு வலித்து மதுரைக்கு ட்ரங்க் கால் போட்டிருந்தால் அதை எடுத்துக் கொடுத்தவளும் இதேபோல ஒருத்திதான். அதையெல்லாம் யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. லைனைக் கொடு, 'பேசுங்க' என்று சொல், விலகிக்கொள். அவ்வளவுதான். பேசுகிறவன் நல்லவனா கெட்டவனா, பேசுவது நிஜமா பொய்யா என்பதெல்லாம் ஆபரேட்டருக்குச் சம்பந்தமில்லாத கதை. ஒருமுறை ஒரு நூல் வியாபாரி சிவகாசிக்குப் பேசும்போது, அனுசியாவின் அப்பாவையே பேர் சொல்லி வண்டை வண்டையாக ஏசினான். அவள் காதில் ஹெட்போன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு விரலால் பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம், லைன் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் எவனும் கேட்டிருக்க மாட்டான். அவள் பிடுங்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சோறு போடும்போது முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை.

விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், ஊரில் இத்தனை சத்தமில்லாத மத்தியானங்கள் இருக்கின்றன என்பதே அவளுக்குத் தெரிந்தது. சுவர்க்கடிகாரம்கூட மணியடிக்காத ரகம். அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு சோலைராஜ் மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பினான். செல்போனில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊருக்கும் பொதுவாக அவன் ஒரு குரூப் நடத்திக்கொண்டிருந்தான். யார் என்ன எழுதினாலும் முதலில் அட்மினிடம் வரும், அட்மின் அமுக்கினால்தான் ஊர் பார்க்கும்.

"அக்கா, நீங்க பார்த்துக்கிடுங்க. சும்மாதான இருக்கீங்க" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

சும்மாதான் இருந்தாள். அதனால் மனதார எடுத்துக்கொண்டாள். ரத்தம் வேண்டும், கரண்ட் எப்போது வரும், தேரடிப் பக்கம் சாவிக்கொத்து ஒன்று கிடந்தது, எந்தக் கடைப் பால்கோவா ஒரிஜினல் என்று அடிதடி. வருகிற ஒவ்வொன்றையும் படித்து அமுக்கும்போது வாய்க்குள் 'பேசுங்க' என்று சொல்லிக்கொள்வாள். குரூப்பில் நாற்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவளை நேரில் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

ஒருமுறை ஒருவன் சாதிப் பெயரைச் சொல்லி அசிங்கமாக எழுத, அவள் அதைப் போடவில்லை. அவ்வளவுதான், கருத்துச் சுதந்திரம் செத்துவிட்டது என்று அவன் ஒப்பாரி வைத்தான். சட்டத்தில் இருக்கிறது, என் வாயை யாரும் அடைக்க முடியாது என்றான். அந்தச் சட்டம் சர்க்காரைக் கட்டிப்போட வந்தது, இது அந்தம்மா வீடு, வீட்டுக்கு வந்தவன் செருப்பை வெளியேதான் கழற்றணும் என்று அவள் பக்கம் ஒருவர் வந்தார். நாற்பதாயிரம் பேர் வந்துபோகிற இடம் வீடா சந்தையா, சந்தையில் பேசாதே என்று சொல்ல இவள் யார் என்று இன்னொருவர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தட்டில் தயிர்ச்சோற்றை வைத்துக்கொண்டு அனுசியா எல்லாவற்றையும் படித்தாள். வீடு என்கிறார்களே, நாற்பதாயிரம் பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தி இப்படித் தனியாகவா உட்கார்ந்து தின்பாள் என்று தோன்றியது. சிரிப்பாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

இந்தக் கதையெல்லாம் ஊரான் கதை. அவளுடைய கதை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

வன்னியம்பட்டியில் தென்னை வைத்திருக்கிற மாரிசெல்வம் என்பவர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவருடைய கிணறு. வாளியில் மொண்டு ஊற்றும் தண்ணீர் சோப்புத் தண்ணீர்போல நுரைக்கிறது. பிஞ்சுக் குரும்பைகள் கருகிக் கொட்டிக் கிடக்கின்றன. மேற்கே ஓடைக்கரையில் இருக்கிற தங்கப்பாண்டியன் பட்டறைக் கழிவு ராவோடு ராவாக ஓடையில் இறங்குகிறது, கேட்கப் போனால் விரட்டுகிறார்கள் என்று பேர் போட்டே சொல்லியிருந்தார்.

அண்ணனின் பட்டறைதான். பேண்டேஜ் துணியை வெளுத்துக் கொடுக்கிற பட்டறை. அதை வைத்துத்தான் அண்ணன் வீடு கட்டினார், மகள் இந்துவை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தார். அனுசியாவை அத்தை என்று கூப்பிட உலகத்தில் இருக்கிற ஒரே ஜீவன் அந்த இந்து. தினமும் காலையில் ஒரு வார்த்தையாவது பேசி அனுப்பிவிடுவாள்.

பொய்யாக இருந்துவிடக் கூடாதா என்று அனுசியா டவுன் பஸ் ஏறி வன்னியம்பட்டிக்கே போனாள். தான் யார் என்று சொல்லவில்லை. மாரிசெல்வம் வாளியைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார். குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த வாடை அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போது வருகிற பிளீச்சிங் வாடை. அந்த வாடை வந்தால் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம், அவளுக்கு இதுநாள்வரை அது பிடித்த வாடையாகத்தான் இருந்தது.

"இந்தத் தண்ணியத்தான் மாடு குடிக்குதா?" என்று கேட்டாள்.

"மாடு குடிக்க மாட்டேங்குதுக்கா. நாங்கதான் குடிக்கோம்" என்றார் மாரிசெல்வம்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் அண்ணன் சிரித்தார்.

"கெடக்கான் விடு. அதை எடுத்துத் தூரப் போடு."

"இல்லண்ணே. நீயும் உன் பக்கத்தை எழுதிக் குடு. ரெண்டையும் சேர்த்தே போடுதேன்."

"ஏட்டி, உனக்கு மூளை கீளை பெசகிட்டா? உன் குரூப்புதான அது? உன் வீட்டுக்குள்ள யாரை விடணும், விடக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அது வீடு இல்லண்ணே. ஊர்க்காரவுக பேசுற இடம். நான் லைன் குடுக்கிறவ."

பிறகு அண்ணன் நிதானமாகச் சொன்னார். "அது உன் வீடு இல்லன்னா, உன் வீடும் எனக்கு வீடு இல்ல. பார்த்துக்கோ."

அவள் ராத்திரியெல்லாம் புரண்டாள் என்றெல்லாம் சொல்ல முடியாது. பயந்தாள். அப்பட்டமான பயம். அண்ணன் வராவிட்டால், தான் செத்துக் கிடந்தால்கூட பால்காரர்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்துப் பயந்தாள். பயந்துகொண்டே மறுநாள் காலையில் அமுக்கினாள். 'பேசுங்க' என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. ஆளாளுக்குத் தத்தம் கிணற்றைக் காட்டினார்கள். அதிகாரிகள் வந்து ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். அனுசியாவை வீரமங்கை என்றும் ஒருவன் எழுதினான். வீரமங்கை அந்த ஞாயிற்றுக்கிழமை மசாலாவை அரைத்து வைத்துக்கொண்டு மத்தியானம்வரை வாசலைப் பார்த்தாள். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்தாள். கடைசியில் அரைத்ததை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, தயிர்ச்சோற்றைத் தின்றாள். அடுத்த வாரமும் அப்படியே. இந்துவின் குரலும் நின்றுபோனது. அவள் கடைசியாக அனுப்பியது ஒரே வரி: அப்பாவை ஊரே பார்க்க வச்சிட்டீங்களே அத்தை.

அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. போட்டதை எடுத்துவிடலாம் என்று ஒருநாள் விரல் போனது. விரலை மடக்கிப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை காலையில் பார்த்தால் வீடியோவைக் காணோம். இருந்த இடத்தில், குரூப்புக்கு இடம் கொடுத்திருக்கிற கம்பெனியின் அறிவிப்பு: இந்தப் பதிவு எங்கள் விதிமுறைகளை மீறுகிறது, எனவே நீக்கப்பட்டது. எந்த விதி, யார் சொன்னது, ஒன்றும் கிடையாது. நூறு பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் மெஷினே எடுத்துவிடும் என்று மஸ்கட்டிலிருந்து சோலைராஜ் சொன்னான். புகார் கொடுத்தது யார் ஆட்கள் என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது, அதனால் யோசிக்கவில்லை.

மறுபரிசீலனை என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினாள். நன்றி என்று வந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் நன்றி. அவள் வேலை பார்த்த காலத்தில் லைன் அறுந்தால், கம்ப்ளைண்ட் நம்பருக்குச் சுற்றி ஒரு மனுஷியையாவது வாய்க்கு வந்தபடி ஏசலாம். எத்தனையோ பேரிடம் அப்படி ஏச்சு வாங்கியவள்தான் அவளும். இவர்களை ஏசக்கூட அந்தப் பக்கம் ஆள் இல்லை. ஒரு சாதிப் பேச்சை அவள் நிறுத்தியதற்கே, நீ யாருடி என்று ஊர் கேட்டது. அவளிடமாவது கேட்க முடிந்தது.

தங்கப்பாண்டியன் தங்கச்சி என்று எவனோ கண்டுபிடித்துச் சொல்ல, ஊர் அவளைத்தான் பிடித்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று பழமொழி எழுதினார்கள். வீரமங்கை என்று எழுதியவனே, எம்புட்டு வாங்கினாள் என்று எழுதினான். எழுதிய அத்தனையையும் அவளே அமுக்கி ஊருக்குக் காட்டினாள். நான் எடுக்கவில்லை என்று கீழே எழுதியதை யாரும் நம்பவில்லை. மாரிசெல்வம் போன் போட்டார்.

"அவர் உங்க அண்ணன்னு இப்பத்தான் சொன்னாக. குரலைக் கேட்டா அன்னிக்கு வந்தவுகளும் நீங்கதான். கெணத்தடிக்கு வந்தன்னிக்கே சொல்லிருக்கலாம்லக்கா."

"நான் எடுக்கலய்யா. திரும்ப அனுப்புங்க. திரும்பப் போடுதேன்."

அவர் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் பைக் சத்தம் கேட்டது. அவள் எழவில்லை, வேறு யாரோ என்று இருந்துவிட்டாள். அண்ணன் கறிப்பையோடு உள்ளே வந்து, எப்போதும்போலச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அந்த வாடை வீடு முழுக்கப் பரவியது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"கறி எளசா இருக்கு. மெளகு தூக்கலாப் போடு" என்றார்.

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். கறி வேகும்வரை அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். இந்துவுக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது, பையன் மிலிட்டரியில் இருக்கிறான், பேசி முடிக்கிற அன்றைக்கு அத்தைக்காரிதான் முன்னால் நிற்க வேண்டும் என்று இந்துவே சொல்லிவிட்டாளாம். அனுசியா முகத்தைக் காட்டாமல் குழம்பைக் கிண்டினாள்.

தட்டு வைத்துச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். எலும்பாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தாள். அண்ணன் உறிஞ்சிச் சாப்பிட்டார்.

"நீ எடுத்துருவன்னு எனக்குத் தெரியும்ட்டி. உன் அண்ணிதான் நம்ப மாட்டேன்னா. ரத்தம்லா, விட்டுப் போயிருமா?"

அடுக்களை மேடையில் இருந்த அவளுடைய செல்போன் ஒருதரம் அதிர்ந்து அடங்கியது. அவள் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து இரண்டாம் தரம் சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். கடைசியாகத் தயிர் விட்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கு என்றார். அவர் தட்டை வழித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அதை நான் எடுக்கல."

"பொறவு?"

"அந்தக் கம்பெனிக்காரன் எடுத்துட்டான். மாரிசெல்வம் மறுபடி அனுப்பிட்டாரு. இப்பத்தான் வந்துச்சு." அவள் அடுக்களை மேடையைக் காட்டினாள். "நீ சாப்பிட்டு முடிக்கட்டும்னு வச்சிருக்கேன்."

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு சொம்பை எடுத்துத் தட்டிலேயே கையைக் கழுவினார். அந்த வீட்டில் அவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தானைத் தெருவில் போய்ப் போட்டுக்கொண்டார். வாரேன் என்று சொல்லவில்லை. பைக் சத்தம் முக்குத் திரும்பும்வரை கேட்டது, பிறகு கேட்கவில்லை.

கழுவின தண்ணீர் நின்ற தட்டை அனுசியா எடுத்துக் கொட்டி விளக்கி வைத்தாள். குழம்பு பாதிச் சட்டிக்கு மேல் இருந்தது, அதை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மெஷின் இதையும் எடுத்துவிடும், எடுத்தால் மறுபடி போட வேண்டும், ஊர் அப்போதும் அவளைத்தான் ஏசும். எல்லாம் தெரிந்துதான் அமுக்கினாள்.

"பேசுங்க" என்றாள், வாய்விட்டு.

கொடியில் சட்டை இல்லை. வாடை மட்டும் சாயங்காலம்வரை இருந்தது.