தோமையாரின் ஈட்டியில் எலுமிச்சம்பழம்

எங்கள் கோவிலில் யாராவது திருத்தூதர் தோமையாரைச் சந்தேகப் பேர்வழி என்று சொல்லிவிட்டால் போதும், ரஞ்சிதம் அக்கா வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"உயிர்த்த ஆண்டவரைப் பாத்தாத்தான் நம்புவேன்னாரு. பாத்தாரு, நம்புனாரு. அப்புறம் கப்பலேறி நம்ம ஆளுங்களத் தேடி வந்தாரு. நீங்க இங்க இருக்கிற தெம்பனிஸ்லேருந்து பூசைக்கு வரவே மழைங்கிறீங்க லா."

பள்ளி கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர் அக்கா. எல்லாரையும் அதட்டும் குரல். ஜூலைத் திருவிழாவுக்குத் தோமையார் சுரூபத்தை அலங்கரிக்கும்போது மட்டும் அது இறங்கிவிடும். ஸ்டூலில் ஏறித் தூசி துடைத்து, "கொஞ்சம் இருங்க, முடிஞ்சிடும்" என்று அவரிடமே பேசிக்கொண்டிருப்பார். சுரூபத்தின் கையிலிருக்கும் ஈட்டியை மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

இந்த வருடம் முழங்காலில் ஆபரேஷன், ஸ்டூல் ஏறக்கூடாது. விழாக்குழுத் தலைவர் திலீப் இதுதான் சமயமென்று பிளாஸ்டிக் பூவைக் கொண்டுவரப் பார்த்தார். அக்கா விடுவாரா? லிட்டில் இந்தியாவில் தனக்கு வழக்கமாகப் பூ கட்டித்தரும் மருதப்பனே வந்து அலங்கரிப்பார் என்றார்.

"சரி. ஏதாவது கோளாறுன்னா அடுத்த வருஷத்திலேருந்து பிளாஸ்டிக்தான்" என்றார் திலீப்.

மருதப்பன் முருக பக்தர். மல்லிகையும் ரோஜாவுமாக, சுரூபம் ஏற்றியிருந்த சப்பரத்தை ஜொலிக்க வைத்துவிட்டார். ஊன்றுகோலோடு வந்த அக்காவுக்கு மனம் குளிர்ந்தது. அண்ணாந்து பார்த்ததும் திக்கென்றது. ஈட்டி முனையில் பளபளவென்று ஓர் எலுமிச்சம்பழம். பின்னாலேயே திலீப் வந்து நின்றார்.

"என்னப்பா இது?" என்றார் அக்கா.

"கூர்முனைய சும்மா விடக்கூடாதுக்கா. எங்க கோயில்ல வேலுக்குக் குத்துவோம். சாமியோட ஆயுதம்தானே?"

"அவரோடது இல்லப்பா. அவர அதாலதான் குத்திக் கொன்னாங்க."

மருதப்பனுக்கு முகம் வாடிவிட்டது. பழத்தை எடுக்க ஸ்டூலில் ஏறியவர், நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார்.

"அப்படின்னா இருக்கட்டுமேக்கா. இனிமே குத்தாது."

அக்கா, இத்தனை வருடம் நிமிர்ந்து பார்க்காத முனையை, கண்ணைக்கூடத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

வெளியே பாடகர் குழு தொடங்கிவிட்டது. திலீப் சப்பரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஊர்வலத்துல பழம் கீழ விழாதுல்ல?"

"விழாது சார்."

"அப்ப தூக்குங்க."