பிபியானாவின் பனிப் பந்தயம்

வடதுருவத்தை ஒட்டிய அந்தத் தீவில் பிபியானாவின் முகம் தெரியாத குழந்தை இருக்கலாம். குரல் தெரியாத குழந்தை கிடையாது. பகலெல்லாம் மீன் ஆலையில் நின்று ஹாலிபட் மீன்களைக் கூறுபோடுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ரப்பர் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஊர்க்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்து, ஊர் ரேடியோவின் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். யாருக்குப் பிறந்தநாள், எந்த வீட்டில் காபியும் கேக்கும், கப்பல் எப்போது வரும் என்பதையெல்லாம் சொல்லி முடித்ததும், "சரி, இனிமே நீங்க பேசுங்க" என்று டெலிபோன் எண்ணைச் சொல்வாள். அதற்கப்புறம் ஊரே சண்டை போடும்.

பள்ளிக்கூடத்தில் அதிகம் பேசியதற்காக அவளை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். கட்டிய புருஷன், இவள் பேச்சு தாங்காமல் டென்மார்க்குக்கே போய்விட்டான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கேட்டால் அவளே சிரிப்பாள். "அமைதி வேணும்னு போனாரு. நல்லாக் கிடைக்கட்டும்."

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவளுக்கு வாய்த்த எதிராளிதான் கெர்த். பனிமேல் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி ஓட்டும் நாய்வண்டிக்காரன். உறைந்த கடலில் ஓட்டை போட்டு, நீளத் தூண்டில் இறக்கி மீன் பிடிப்பவன். முன்பெல்லாம் நவம்பரிலேயே கடல் இறுகிவிடும். பக்கத்துத் தீவுக்குக் காரிலேயே போய் வருவார்கள். சில வருஷங்களாகப் பனி நேரம் தவறி வந்தது, வந்தும் நிலையாக நிற்கவில்லை. குளிர்காலத்திலும் படகு கட்ட ஒரு மிதவைத் துறை போட வேண்டும் என்று ஊர்ச்சபையில் முதலில் கேட்டவள் பிபியானா. கெர்த் எழுந்து மேஜையைத் தட்டினான்.

"துறை போட்டா என்ன அர்த்தம்? ஐஸ் செத்துப்போச்சு, பொதைச்சாச்சுன்னு அர்த்தம். அப்புறம் என் நாய்ங்கள என்ன பண்றது? உன் ரேடியோவுல பாட வைக்கிறதா?"

"உன்னைவிட நல்லாத்தான் பாடும்" என்றாள் பிபியானா. சபையில் ஒரே சிரிப்பு. முடிவு ஒன்றும் எடுக்காமல் கலைந்தார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஆஸ்கெர் என்ற டேனிஷ் விஞ்ஞானி வந்தார். பல வருஷமாக வந்து பனியை அளந்துவிட்டுப் போகிறவர்; யார் வீட்டில் கடல்நாய்க்கறி சூப் நன்றாக இருக்கும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். ஊர்க்கூடத்தில் படம் போட்டுக் காட்டிப் பேசினார். இந்தக் குளிர்காலம் கடல் தாமதமாக உறைய வாய்ப்பு அதிகம் என்றுதான் அவர் சொன்னார். மறுநாள் தலைநகரத்துப் பத்திரிகை ஒன்று, 'இவ்வருடம் விரிகுடாவில் பனி இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி தொடங்கியதுமே போன் அடித்தது.

"பிபியானா, நான் கெர்த்."

"பேர் சொல்லணுமா? மூச்சு விட்டாலே தெரியுது."

"பத்து வருஷமா இதே பாட்டு. ஒருத்தன் வருவான், ஐஸ் போச்சும்பான். இன்னொருத்தன் வருவான், இந்த வருஷம் இல்ல, வேற வருஷம் போகும்பான். எவன் சொன்னது பலிச்சிருக்கு?"

"அவரு போச்சுன்னு சொல்லவே இல்லையே. லேட்டாகும்னுதான் சொன்னாரு. நீ முன்வரிசையில உக்காந்து தூங்கினா எப்படிக் கேக்கும்?"

"தூங்கலம்மா, கண்ண மூடி யோசிச்சேன்."

"குறட்டை விட்டுக்கிட்டே யோசிப்பியா?"

பேச்சு முற்றிப் பந்தயத்தில் வந்து நின்றது. ஜனவரி ஆறாம் தேதிக்குள் துறைமுகத்துக்கு முன்னால் கடல் உறைந்து நாய்வண்டியைத் தாங்கினால் கெர்த்துக்கு வெற்றி, தாங்காவிட்டால் பிபியானாவுக்கு. வருஷா வருஷம் அந்த நாளில் ஊரில் முகமூடி மாட்டி, துணிகளைத் திணித்து உடம்பை ஊதவைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆடுவார்கள். வேஷம் போட்டவர் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். தோற்றவர் அன்று ஊரில் ஒரு வீடு விடாமல் போக வேண்டும், ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஊர் கைகொட்டி ஒத்துக்கொண்டது. இரண்டு பேரில் யாருக்கும் இதைவிடக் கொடிய தண்டனை கிடையாது.

டிசம்பர் முழுக்கக் கடல் கறுப்பாகவே அலையடித்துக்கொண்டிருந்தது. அந்த மாதங்களில் அங்கே சூரியன் எழுவதே இல்லை, பகலிலும் இருட்டு. கெர்த்தின் நாய்கள் கரையில் சங்கிலியை இழுத்து ஊளையிட்டன. ஆலைக்குப் போகும் வழியில் பிபியானா தினமும் அவனைச் சீண்டிவிட்டுப் போவாள். "முகமூடி தச்சாச்சா?" அவன் கையிலிருந்த காய்ந்த மீனை நாய்களுக்கு வீசிக்கொண்டே, "உனக்குத்தான் தச்சுக்கிட்டிருக்கேன். வாய் பெருசுன்னு துணி பத்தல" என்பான். இப்படி நின்று பேசுவது வரவர நீண்டதை ஆலையில் எல்லாரும் கவனித்தார்கள். அவள் மட்டும் கவனிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் காற்று நின்றது. குளிர் இறங்கியது. கடல்மேல் எண்ணெய் படர்ந்ததுபோல ஒரு மினுமினுப்பு வந்து, சாம்பல் நிறமாகி, மெல்ல இறுகத் தொடங்கியது. ஊருக்கே உற்சாகம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் கரையில் நின்று கல் வீசிச் சத்தம் கேட்டார்கள். பந்தயத்தில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் பிபியானாவும் ஜன்னலில் நின்று சிரித்தாள். உறைந்த கடலைப் பார்த்து மகிழாத ஆள் அந்த ஊரில் பிறந்திருக்க முடியாது.

ஜனவரி ஐந்தாம் தேதி அவள் ஆலையிலிருந்து வரும்போது, கெர்த் வண்டியைக் கரைக்கு இழுத்து வந்து நாய்களைப் பூட்டும் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். அவள் நின்று கடலைப் பார்த்தாள். பனி இன்னும் சாம்பல் நிறம்; வெளுத்தால்தான் பாரம் தாங்கும். இந்த வீம்புக்காரன் நாளைக்குள் ஜெயிக்க வேண்டும் என்று இறங்கித் தொலைத்தால்?

அன்று வெள்ளிக்கிழமை. மைக் முன்னால் உட்கார்ந்ததும் பிறந்தநாள் வாழ்த்துகூடச் சொல்லவில்லை.

"எல்லாரும் கேளுங்க. நான் தோத்துட்டேன். கடல் உறைஞ்சிருச்சு. கெர்த் ஜெயிச்சுட்டான். யாரும் இறங்கிப் பாக்கவேண்டிய அவசியமே இல்ல. கெர்த், காதுல விழுதா? வண்டிய வீட்டுக்கு இழுத்துட்டுப் போ."

உடனே போன் அடித்தது.

"என்ன உளர்ற? எங்க உறைஞ்சிருக்கு?" கெர்த்துக்கு மூச்சிரைத்தது. "இரும்புமுனைக் கம்பால குத்திப் பாத்தேன். ஒரே குத்துல உள்ள போயிருச்சு. இதுல நாய்ங்கள இறக்குவேன்னு நினைச்சியா? நான் என்ன பைத்தியமா?"

"பின்ன ஏன் வாரை இறுக்கிக்கிட்டிருந்த?"

"அறுந்திருந்துச்சு, தச்சேன். நீதான் ஜெயிச்ச. நான் தோத்தேன்."

"நான்தான் தோத்தேன்னு ஊருக்கே சொல்லிட்டேன்!"

"நீ சொன்னா ஆச்சா? ஐஸைக் கேளு!"

வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யார் ஜெயித்தது என்று சண்டை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தோற்றது நான்தான் என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்வது புதுசு. யாரோ கோபன்ஹேகனில் இருந்த ஆஸ்கெருக்கே போன் போட்டு, ரேடியோவோடு இணைத்துவிட்டார்கள். "லேட்டாகும்னு சொன்னேன், லேட்டாயிடுச்சு. வராதுன்னு சொல்லல, வந்துக்கிட்டிருக்கு. உங்க பந்தயத்துக்கு என் கணக்குல இடமே இல்லீங்க" என்றார் அவர். "அப்ப ரெண்டு பேரும் ஆடுங்க!" என்று அடுத்து போன் செய்தவள் தீர்ப்புச் சொன்னாள். அவள் பள்ளி ஆசிரியை அமாலியா.

மறுநாள் இரண்டு உருண்டைகள் தனித்தனியே ஊர்வலம் கிளம்பின. ஒன்று, கரடித்தோல் கால்சட்டையில் தலையணை திணித்த, தாடி வைத்த ஆள், பிபியானா. மற்றொன்று, பாசிமணி கோத்த கழுத்துப் பட்டையும் பூப்போட்ட பாவாடையும் அணிந்த பூசணிப் பெண்மணி, கெர்த். அமாலியா வீட்டில்தான் இரண்டும் சந்தித்தன. கூடத்தில் ஆள் நிறைந்திருந்தது. அக்கார்டியன் வாசித்தார்கள், இரண்டும் ஆடின. அமாலியா காபியை ஊற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேச்சை எடுத்தாள்.

"இந்த விஞ்ஞானிங்க சொல்றதெல்லாம் சுத்தப் பொய்யாம்ல?"

தாடிக்காரனின் தலையணை குலுங்கியது. வாய் திறக்கவில்லை.

"அதுவும் சரிதான். ஆனா நாய்வண்டி ஓட்டறவங்களுக்கும் ஐஸைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதாம்."

பூசணிப் பெண்மணி பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். முகமூடிக்குள்ளிருந்து கெட்டில் கொதிப்பதுபோல ஒரு சத்தம். அமாலியா விடவில்லை. "போகட்டும். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பிடிக்காமத்தான் சண்டை போடறாங்களாம்."

"யாரு சொன்னா?" என்று இரண்டு முகமூடிக்குள்ளிருந்தும் ஒரே சமயத்தில் வெடித்தது.

கூடம் அதிர்ந்தது. இரண்டு பேரும் முகமூடியைக் கழற்றினார்கள். வியர்த்து, சிவந்து, ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். பிறகு பிபியானாவின் ஒட்டுத்தாடி காபிக் கோப்பையில் விழுந்தது. அவ்வளவுதான், சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த வாரங்களில் பனி வெளுத்து இறுகியது. கெர்த் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். சூரியன் திரும்பி வந்த நாளில் மலைமுகட்டில் வெளிச்சம் விழுந்ததை இருவரும் வண்டியில் இருந்தபடியே பார்த்தார்கள். அன்று அவன் முதலில் பேசியது துறையைப் பற்றித்தான். "கட்டட்டும். ஐஸ் இருந்தா வண்டி, இல்லன்னா படகு. ஆனா ஐஸ் செத்துப்போச்சுன்னு மட்டும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன். ஆனா மெலியுதுல்ல?"

"மெலியுது" என்றான், நாய்களை அதட்டி வண்டியைத் திருப்பிக்கொண்டே.

வசந்தத்தில் ஊர்ச்சபை துறைக்கு ஒப்புதல் கொடுத்தது. கையைத் தூக்கியவர்களில் கெர்த் ஒருவன். கோடையில் தேவாலயத்தில் கல்யாணம். ஆஸ்கெரும் வந்திருந்தார். மாப்பிள்ளை அவரைத் தோளோடு சேர்த்து அணைத்து, அடுத்த வருஷப் பனியைப் பற்றிக் கேட்டு, பதில் பிடிக்காமல் கேக்கை வெட்டும்வரை வாதாடினான்.

அடுத்த குளிர்காலம் கடல் உறையவே இல்லை. துறையில் படகு கட்டியிருந்தது. அதற்கடுத்த வருஷம் ஈஸ்டர் தாண்டியும் பனி நின்றது. வெள்ளிக்கிழமைகளில் இன்றும் முதல் போன் கெர்த்துடையதுதான்; இப்போது அது பிபியானாவின் வீட்டு அடுக்களையிலிருந்து வருகிறது. பனி இல்லாத நாட்களில் கெர்த் தலைமை நாய் மிக்கியைப் படகின் முன்பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மீனுக்குப் போகிறான். காதை விறைத்துக்கொண்டு அது அலையைப் பார்த்துக் குரைக்க, பின்னாலிருந்து பிபியானா மோட்டாரை முறுக்க, கரையில் நிற்பவர்கள் கையசைத்துக் கத்துகிறார்கள்.