செவுளுக்குக் கேட்ட பத்து நாள்

கிணற்று மோட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். நாகல் நகரிலும் சுற்றுப்புறத்திலும் எந்த வீட்டு மோட்டாரைச் சரிசெய்தாலும், வேலை முடிந்ததும் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கெண்டைப் பொடிமீன்களை அந்தக் கிணற்றில் விட்டு வருவது என் வழக்கம். அவை கொசுப்புழுவைத் தின்னும். அதற்கு நான் கூலி கேட்டதில்லை. மோட்டாரைப் பற்றிக் குறை சொன்னவர்கள் உண்டு. மீனைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த ஓராண்டு வரை அப்படித்தான் இருந்தது.

வழக்கமாக மீன் எடுப்பது சாணார்பட்டிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில். அவ்வாண்டு அது வறண்டு வெடித்துக் கிடந்தது. ஆகையால், வேலையாகச் சிறுமலைக்குப் போன இடத்தில், பாறையிடுக்கில் தேங்கியிருந்த ஓடைநீரில் மீன் பிடித்து வந்தேன். அன்று மாலையே, பணி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக் கிணற்றில் மோட்டாரை மாட்டிவிட்டு, மீனையும் கொட்டினேன். மறுநாள் காலையில் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

அந்தக் கிணற்றுநீர் உப்பு, குடிக்க உதவாது. எனினும் துவைக்கவும் புழங்கவும் அவ்வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் அது ஒன்றே இருந்தது. பின்கட்டில் ஓர் இளம் தம்பதியர் குடியிருந்தனர். அந்தப் பெண் சின்னாளப்பட்டிச் சேலைகளுக்குச் சாயமிட்டு, கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளி அலசுவாள். மீன் செத்ததும் பழி அவள்மீது விழுந்தது. சாயத்தண்ணீர் கிணற்றில் இறங்கிவிட்டது என்று தெருவே பேசிற்று. ஆசிரியை இரக்கமற்றவர் அல்லர். ஆயினும் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தவர், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யும்படி அவளிடம் சொல்லிவிட்டார். அந்த வறட்சியில் நீருள்ள கிணற்றோடு வேறு வீடு கிடைப்பது அரிது. கிணறு இல்லையேல் அவளுக்குத் தொழிலும் இல்லை.

நான் ஒரு வாளி நீர் சேந்திப் பார்த்தேன். நிறம் இல்லை; வாடையும் இல்லை. நாக்கில் வைத்தேன். உப்பும், சோப்புத் தண்ணீரைப் போன்ற ஒரு வழவழப்பும் தெரிந்தன. தூக்குச்சட்டியில் மிஞ்சியிருந்த ஓடைநீரோ மழைநீரைப் போலச் சப்பென்றிருந்தது. என் ஐயம் அப்போதே என் பக்கம் திரும்பிற்று.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய விலங்கியல் பாடநூல் ஒன்று என்னிடம் இருந்தது. செவுளைப் பற்றிய பகுதியை மூன்று முறை படித்தேன். செவுள் மூச்சுக்கு மட்டுமே என்று அதுவரை எண்ணியிருந்தேன். நன்னீரில் வாழும் மீனின் உடலில் உப்பு மிகுதி, வெளியே குறைவு. நீர் ஓயாமல் உள்ளே புகும். உப்பு ஓயாமல் வெளியே கசியும். செவுளிலுள்ள நுண்ணிய உயிரணுக்கள் அந்த உப்பை நீரிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்கின்றன. இழுக்கும்போதே உடலில் சேர்ந்த அமிலத்தை மாற்றாக வெளியே தள்ளுகின்றன. உப்பின் அளவும் அமிலத்தின் அளவும் ஒரே வாசலில் நிறுக்கப்படுகின்றன. வெளிநீர் மாறினால் அந்த வாசலின் வேலையும் மாறவேண்டும். பழைய உயிரணுக்கள் போய்ப் புதியவை அமையவேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். கண்மாய் நீரிலும் கொஞ்சம் உப்பு உண்டு, அந்த மீன்களுக்கு இவ்வளவு மாற்றம் தேவைப்படவில்லை; ஓடை மீனுக்கு நான் ஒரு நொடிகூடக் கொடுக்கவில்லை.

இதை ஆசிரியையிடம் சொல்ல எனக்கு ஒரு நாள் முழுவதும் தயக்கம். சொன்னேன்.

“டீச்சரம்மா, மீனக் கொன்னது சாயம் இல்ல. நாந்தான்.”

“அந்தப் புள்ளைக்கு வக்காலத்து வாங்க வந்தியாக்கும்?”

“பத்து நாள் குடுங்க. அதே ஓடை மீனு, இதே கிணத்துத் தண்ணி. பொழைக்கலைன்னா வாயத் தெறக்க மாட்டேன்.”

மறுபடி சிறுமலைக்குப் போய் மீனும் ஓடைநீரும் கொண்டுவந்தேன். ஆசிரியை வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிழலில் ஒரு டிரம்மை வைத்து, அதில் மீனை விட்டேன். காலையும் மாலையும் ஒரு வாளி நீரை மொண்டு கொட்டிவிட்டு, அதே அளவு கிணற்றுநீரை ஊற்றினேன். எதிர்வீட்டு ஆட்டோக்காரர், மீனுக்கு டியூசன் நடக்கிறதா, எத்தனாவது வகுப்பு வந்திருக்கிறது என்று நாள்தோறும் கேட்டுவிட்டுப் போவார். நான்காம் நாள் இரண்டு மீன்கள் செத்தன. பின்கட்டுப் பெண் டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள்.

பாதியில் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணே, நாங்க சாயத்துக்கு உப்ப ஒரேயடியாக் கொட்ட மாட்டோம். நெறம் திட்டுத்திட்டாப் புடிச்சுக்கிரும். நீங்க காலையில மொத்தமா, சாயந்தரம் மொத்தமா ஊத்திப்புட்டுப் போயிர்றீக.”

நான் வெட்கப்பட்டேன். நூலில் படித்தும் கையில் வராத ஒன்று அவள் கையில் இருந்தது. அன்றிலிருந்து மொண்டு ஊற்றும் பொறுப்பை அவளே ஏற்றாள்: மணிக்கொரு தரம் இரண்டு செம்பு, பொழுது சாயும் வரை. அதன்பின் ஒரு மீனும் சாகவில்லை. பத்தாம் நாள் டிரம் நீரையும் கிணற்றுநீரையும் மாறி மாறி நாக்கில் வைத்தேன். வேறுபாடு தெரியவில்லை. மீன்களை வாளியில் மொண்டு, கயிற்றில் மெல்ல இறக்கிக் கவிழ்த்தோம்.

மறுநாள் வெயில் ஏறியதும் ஆசிரியை முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்தார். கிணற்றில் விழுந்த பொருளைத் தேட எங்கள் பக்கத்தில் செய்வதுபோல், வெயிலைக் கண்ணாடியில் வாங்கி ஆழத்துக்குள் திருப்பினார். வெளிச்சம் நீரின்மீது வட்டமாக அசைந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வட்டத்தின் ஓரத்தில் ஒரு மினுக்கம். அதன் பின்னே ஒரு கூட்டமே திரும்பிற்று. அவர் மீன்களை எண்ணவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பின்கட்டு வாசலில் நின்றவள் அங்கிருந்தே கேட்டாள்: “டீச்சரம்மா, சாக்கக் கட்டவா, அவுக்கவா?”

அவர் கண்ணாடியை அசைக்காமலே சொன்னார்: “அவுத்துப் போடு. அதுக்கு முன்ன இங்க வந்து இதப் புடி. எனக்குக் கை வலிக்குது, நீயும் பாரு.”