'கை தவறி' என்று எழுதிய சீட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்பு ஃபிளாப்பி கிடக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் கணினி இன்று என்னிடம் இல்லை. எனக்கு வேண்டியது அதன்மேல் ஒட்டிய சீட்டுதான். 'என்ன வந்தது: மெயில். ஏன் திறந்தார்கள்: கை தவறி.' சர்வீஸ்காரரின் சாய்ந்த கையெழுத்து.

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில், திருத்தணி மலைப்படிக்கட்டுக்குக் கீழே இருந்த பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்தேன். அங்கிருந்த ஐந்து கணினிகளையும் பழுது பார்க்கப் பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவார் அவர். வைரஸ் வந்தால் அழிப்பதற்கு முன் அதை ஒரு ஃபிளாப்பியில் பிடித்து, சீட்டு ஒட்டி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொள்வார். பாம்பாட்டி என்று கேலி செய்வேன், சிரிப்பார். மாதம் ஒருமுறை சீட்டுகளையெல்லாம் பரப்பி வைத்துப் பார்ப்பார். பயோடேட்டா எடுத்து வருகிறவர்களின் ஃபிளாப்பியில்தான் தொல்லை அதிகம் என்று அப்படித்தான் கண்டுபிடித்தார். அவற்றைச் சோதிக்கவென்றே வாசலோரக் கணினியை ஒதுக்கினார். "யார் தொறந்தாங்கன்னு நான் கேக்கலங்க. ஏன் தொறந்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த வாட்டி தடுக்கலாம்" என்பார்.

ஒரு நாள் அவர் பெயரிலேயே எனக்கு ஒரு மெயில் வந்தது. காதல் கடிதம் என்று ஆங்கிலத்தில் தலைப்பு. இரண்டு வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். திறந்தேன். அவர் முகவரியைப் போர்த்திக்கொண்டு வந்த வைரஸ் அது. ஐந்து கணினிகளும் படுத்துவிட்டன. "ஏன் தொறந்தீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "கை தவறிப் பட்டுச்சுங்க" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

அதை நம்பி, எதைத் தொட்டாலும் 'திறக்கவா?' என்று இன்னொரு முறை கேட்கும்படி கணினிகளை மாற்றி வைத்தார். கை தவறுகிறவளுக்கு அது போதும். அடுத்த மாதம் அதே மாதிரி மெயில் முதலாளிக்கு வந்தது, அவர் மகன் பெயரில். மகன் பெயரைப் பார்த்தவர் எத்தனை முறை கேட்டாலும் ஆமாம் என்றுதானே அழுத்துவார்? ஊர்ப்பிள்ளைகள் வேலைக்கு எழுதி வைத்திருந்த விண்ணப்பங்கள் எல்லாம் அழிந்தன. "இத்தினி நாளா சீட்டு எழுதிகினு இருந்தியே, இன்னாத்தக் கிழிச்ச?" என்று கத்திய முதலாளி, அன்றோடு சர்வீஸ்காரரை நிறுத்திவிட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால், தெரிந்தவர் பெயரில் வந்தாலும் நம்பாதீர்கள் என்று எல்லோரையும் எச்சரித்து அவர் இதையும் தடுத்திருப்பார். நான் வாயே திறக்கவில்லை. டப்பாவை என் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சிக்கினு இருங்க, எப்பனா உதவும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பிறகு அவரைப் பார்க்கவே இல்லை.

இன்று சென்னையில் எனக்கு அதே பிழைப்புதான்: நடந்த தாக்குதல்களின் பதிவுகளைப் படித்து அடுத்ததைத் தடுப்பது. 'கை தவறி' என்று யாராவது எழுதியிருந்தால் நான் நம்புவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பேன். கேட்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

நேற்று ஃபிளாப்பியை வெளியே எடுத்தேன். சீட்டில் 'கை தவறி' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: 'நீங்கள் அனுப்பியது என்று நினைத்து.'