எழுத்து பார்க்கிறவர்

தோல்சுருளை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தவுடன் ரப்பி நாகூம் முராத் மூச்சை நிறுத்திக்கொள்வார். மூச்சுக் காற்று பட்டால் தோல் அசைந்துவிடுமாம். ஒரு வரி முடிகிறவரை முகம் சிவந்துகொண்டே போகும். முடிந்ததும் 'ஹா' என்று விட்டுவிட்டு, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவார். ஒரு சுருளில் இருபத்திரண்டு வரி.

ஜெருசலேமில், காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில், ஒவ்வொரு யூத வீட்டு வாசல் நிலையிலும் இப்படி ஒரு வேதச் சுருள் உண்டு. அதில் ஒரு எழுத்து பழுதானாலும் வீட்டுக்கு ஆகாது என்று நம்பிக்கை. பெண்ணுக்கு வரன் தட்டிப்போனாலும் சரி, குழாயில் தண்ணீர் நின்றாலும் சரி, ஜனங்கள் அதைக் கழற்றிக்கொண்டு அவரிடம் வந்துவிடுவார்கள். எழுத்து எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா, ஒன்று பக்கத்து எழுத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. அந்தத் தெருவில் பாதிப்பேர் பாக்தாத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் வாயில் ரப்பி என்று வராது, ஹாகாம் என்பார்கள்.

மாடி வீட்டு மார்செல் மாதம் ஒரு தடவையாவது வந்து நிற்பாள்.

"ஹாகாம், நல்லா உத்துப் பாருங்க. எம்புள்ள மறுபடியும் பரீட்சையில கோட்டை விட்டுட்டான்."

"எழுத்தெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. அவன் புஸ்தகத்தைத் தொறந்தானான்னு பாத்தியா?"

"அதைக் கேக்கவா உங்ககிட்ட வந்தேன்? அது எனக்கே தெரியும்."

இந்தப் பிழைப்புக்கு வெளியே அவர் யார் என்பது சிலருக்கு மட்டும் தெரியும். கப்பாலா என்கிற மறைஞானம் படிக்கிறவர்கள் கூடும் மடத்தில் அவர் கடைசி பெஞ்சில், கதவோரம் உட்காருவார். முன் வரிசையில் இருக்கிற பெரிய பெயர்க்காரர்கள் தங்கள் நூலை அச்சுக்கு அனுப்புமுன் ஆள் விட்டு அவரிடம் சந்தேகம் கேட்பார்கள். அவர் சொன்னது அச்சில் வரும். அவர் பெயர் வராது. தேநீர் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டு, "எழுத்து யாரோட சொத்தும் இல்லப்பா" என்பார்.

சொந்தமாக அவரிடம் இருந்தது முப்பத்தொரு நோட்டுகள். உலகத்தை எழுத்துகளால்தான் கடவுள் செய்தார் என்றால், அந்தந்த எழுத்து ஏன் அந்தந்த வடிவத்தில் நிற்கிறது? முதல் எழுத்தான அலெஃபுக்கு ஏன் ஒரு கை மேலே, ஒரு கை கீழே? முதல் நோட்டை எழுத ஆரம்பித்தது கல்யாணமான வருஷத்தில். மனைவி கத்தூன் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் ரெண்டு எழுத்து சொல்லிக் குடுங்களேன்" என்று கேட்டாள்.

"இந்த நோட்டு முடியட்டும்" என்றார்.

அதற்கப்புறம் முப்பது நோட்டுகள் முடிந்தன. அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

போன பாஸ்கா பண்டிகைக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு தெறிக்காமல் இருக்க ரப்பி நோட்டுகளை ஒரு மாவுச் சாக்கில் கட்டி, மேலே கொட்டை எழுத்தில் 'நோட்டுகள்' என்று எழுதிவைத்தார். அதற்கு இடது பக்கம் இன்னொரு மாவுச் சாக்கு. அதில் நைந்துபோன ஜெபப் புத்தகங்கள். கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போட மாட்டார்கள். ஆளைப் புதைப்பதுபோல மயானத்தில் புதைப்பார்கள். பண்டிகைக்கு முன்னால் அதற்கென்று ஒரு வண்டி தெருத்தெருவாக வரும்.

வண்டி வந்தபோது அவர் ஜன்னலோரம் ஒரு வரியின் நடுவில் இருந்தார்.

"ஏங்க, வண்டி வந்திருக்கு. எந்தச் சாக்கைப் போடணும்?"

மூச்சை விடாமல், திரும்பாமல், அவர் விரலை மட்டும் நீட்டினார். இடது பக்கத்தைக் காட்டினதாகத்தான் இன்றைக்கும் அவர் நினைப்பு. அவளுக்கு வலது பக்கம் என்று பட்டது.

நோட்டுகள் வண்டியில் போய்விட்டது சாயங்காலம்தான் தெரிந்தது. அவர் கத்தவில்லை. மிஞ்சிய சாக்கை அவிழ்த்துப் பார்த்தார், மறுபடி கட்டினார். பிறகு, யாருக்கோ பாடம் சொல்வதுபோலச் சொன்னார்: "மேலேயே எழுதியிருந்துச்சே. ஒரு எழுத்து தெரிஞ்சிருந்தாப் போதுமே, கத்தூன். ஒரே ஒரு எழுத்து."

அவள் அடுப்பில் இருந்த பீட்ரூட் குழம்பை இறக்கி வைத்தாள். கொழுக்கட்டைகளை எண்ணி அவர் தட்டில் போட்டாள்.

மறுநாள் அவர் மயானத்துக்குப் போனார். குழி வெட்டுகிற ஷப்தாய் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, "நேத்தே மூடியாச்சு ஹாகாம். இடம் இதுதான். தோண்டச் சொன்னா தோண்டறேன்" என்றான்.

"புதைச்சதைத் தோண்டக் கூடாதுன்னு நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், ஷப்தாய்."

"மத்தவங்களுக்குச் சொன்னது. இது உங்களோடதாச்சே."

அவர் திரும்பி வந்து பஸ் ஏறிவிட்டார். முப்பத்தொரு நோட்டில் இருந்ததில் பாதியாவது அவர் தலைக்குள் இருக்கும், உட்கார்ந்தால் எழுதிவிடலாம் என்று மடத்தில் சொல்கிறார்கள். அவரும் புது நோட்டு ஒன்று வாங்கினார். அது பிரிக்காமலே இருக்கிறது. அவரை அரிப்பது அது இல்லை.

அன்றிலிருந்து கத்தூன் காகிதத்தைத் தொடுவதில்லை. சொல்லிக்கொண்டு செய்கிற சபதம் எதுவும் இல்லை; கை போகாது, அவ்வளவுதான். கரண்டு பில் கதவிடுக்கில் கிடந்தால் தாண்டிப் போய், "ஏங்க, ஏதோ வந்து கிடக்கு" என்பாள். கடைக்காரன் ஆலிவ் காயைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டினால், பிரித்துத் தன் கிண்ணத்தில் கொட்டச் சொல்லுவாள். நாள்காட்டியில் தேதி கிழிக்கிறது அவள் வேலையாக இருந்தது. அது ஏப்ரலிலேயே நின்றுபோனது. ரப்பி ஒருநாள் மொத்தமாகக் கிழித்தார்.

இலையுதிர் காலத்தில் யோம் கிப்பூர் நோன்பு வந்தது. அதற்கு முந்தின நாள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்று தடவை கேட்க வேண்டும் என்பது முறை. ரப்பி தெருவில் எல்லோரிடமும் கேட்டுவிட்டு, கடைசியில் சமையலறை வாசலுக்கு வந்தார்.

"கத்தூன், என்னை மன்னிச்சிரு."

"மன்னிச்சேன்."

"அன்னிக்குச் சொன்னேன் பாரு, அதுக்கு."

"அதான் மன்னிச்சேன்னேனே."

"மூணாந்தரம் கேக்கறேன்."

"மூணாந்தரமும் மன்னிச்சேன். சோறு ஆறுது, நோன்பு தொடங்கறதுக்குள்ள சாப்பிடுங்க."

சட்டப்படி எல்லாம் சரியாக நடந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, "ஏங்க, தண்ணி பில் போலிருக்கு" என்றாள்.

ஒரு மத்தியானம் அவரே ஆரம்பித்தும் பார்த்தார். "இப்பக் கத்துக்கறியா? நான் சொல்லித் தர்றேன்."

அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அரிசியில கல்லு பாக்கவே கண்ணு பத்தல. இனிமே எனக்கு எதுக்கு?" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன வாரம் நல்ல மழை. மார்செல் தன் சுருளை வாங்க வந்து, செருப்பெல்லாம் சேறு என்று வாசலிலேயே நின்றாள். ரப்பி வேறொரு வீட்டுச் சுருளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். நாற்பது வருஷப் பழக்கம், வாய் தவறிவிட்டது.

"மேஜை மேல இருக்கு பாரு கத்தூன், எடுத்துக் குடு."

கத்தூன் மேஜையருகே போய் நின்றாள்.

"என்ன கத்தூனக்கா, தேடறீங்களா? அதோ, நீல நூல் சுத்தினது" என்றாள் மார்செல்.

"தெரியுது" என்றாள் கத்தூன். கைகள் ஏப்ரனுக்குள்ளேயே இருந்தன.

ரப்பி வரியின் நடுவில் மூச்சை விட்டார். கையை எடுத்ததும் தோல் தானே சுருண்டுகொண்டது. எழுந்து வந்து, நீல நூல் சுற்றிய சுருளை எடுத்துக் கத்தூனிடம் நீட்டினார்.

"பிடி."

"கை ஈரமா இருக்கு."

"பரவால்ல."

ஈரக் கையோடு எழுத்துக்குப் பக்கத்தில் வந்தவர்களை அவர் எத்தனையோ தடவை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். நீட்டிய கையை அவர் இறக்கவில்லை. வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

கத்தூன் ஏப்ரனின் இரண்டு முனைகளையும் பிடித்து, அவர் கைக்குக் கீழே விரித்தாள்.