தள்ளுபடியில் வந்த ஐந்து போர்கள்

தள்ளுபடி முடிய இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. புத்தூர் வீட்டில் என் கணவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து போர் விளையாட்டுகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தும் ஒரே கட்டாக, முக்கால்வாசி விலை குறைத்து. ஒன்றில் கோட்டை கட்டலாம். ஆனால் நல்ல படைகளுக்கெல்லாம் தனிக் காசு. இன்னொன்று ஏற்கெனவே ஆடிச் சலித்தது. இரண்டு, ஒப்புக்குச் சப்பாணி. கடைசி ஒன்றில் மட்டும் இணையத்தில் மனிதர்களோடு மோதலாம்.

“இது ஒண்ணுக்கே காசு குடுக்கலாம். ஆள்கூட ஆடுனாத்தான் ஆட்டம்” என்றார்.

“அப்ப எனுக்கும் தனியா ஒண்ணு வாங்கு மாமா. நம்ம ரெண்டு பேரும் மோதலாம்.”

சிரித்தார். என் மாமியாரும் சிரித்தார். அவர் என் அப்பாவின் அக்காதான்.

“உனுக்கு எதுக்கு தண்டமா? நீ ஒரு ஆளா? பக்கத்துல குந்திக்கினு பாரு” என்றார் கணவர்.

எனக்கு ஆடத் தெரியாது என்பது அந்த வீட்டில் சட்டம். அதை எழுதியவள் என் அம்மா. பிறந்ததிலிருந்தே எனக்கு இவர்தான் என்று பேசி வைத்திருந்தார்கள். லீவு நாட்களில் ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி ஆடுவோம். நான் ஜெயிக்கப் போகிறேன் என்று தெரிந்தால் அம்மா சமையலறைக்குக் கூப்பிட்டுக் காதில் சொல்வாள்: “அவன ஜெயிச்சிக்கினு நிக்காதடி. மூஞ்ச தூக்கிக்கினு பூட்டான்னா அப்புறம் உன்ன யாரு கட்டுவா?” திரும்பி வந்து என் படையை வேண்டுமென்றே சாகக் கொடுப்பேன். தோற்றுத் தோற்றே மணமேடை வரைக்கும் வந்தவள் நான்.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் எனக்கு வேலை. வாரநாட்களில் பக்கத்திலேயே தடாவில் தோழிகளோடு அறை. என் சம்பளம், என் லேப்டாப். அவர் வாங்கிய அதே விளையாட்டை நானும் வாங்கி, ஆம்பளைப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டேன். அவர் அதில் என்ன பெயரில் ஆடுகிறார் என்று எனக்குத் தெரியும். சவால் விட்டேன், ஒத்துக்கொண்டார்.

முதலில் வயல்களைக் கொளுத்தினேன். பிறகு சும்மா காத்திருந்தேன். சோறில்லாமல் அவருடைய படை கலைந்து ஓடியது. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை.

எந்த ஊர் என்று கேட்டார். பலமனேர் என்று அடித்தேன். தெலுங்குக்காரர் ஊராயிற்றே, உடனே தெலுங்குக்குத் தாவினார். “அன்னா, மீரு சூப்பர்.” மீரு! நீங்கள்! கட்டிய நாளிலிருந்து எனக்கு ஒரு தடவைகூடக் கிடைக்காத மரியாதை. வயிறு எரிந்தது. மறுநாளும் கொளுத்தினேன்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பலமனேர் அண்ணன் புராணம்தான். “இன்னா மூள தெரிமா அந்தாளுக்கு! உனுக்குச் சொன்னாலும் புரியாது” என்றார். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

அடுத்த வாரம் தடாவிலிருந்து ஆடும்போது, நடுவே கேட்டேன்: உங்கள் வீட்டில் மனைவி ஆடுவார்களா? பதில் உடனே வந்தது. சின்ன வயதில் ஆடுவாளாம். தோற்றால் அழுவாளாம். பாவம் என்று இவர்தான் விட்டுக்கொடுப்பாராம்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு தோற்ற தோல்விகளைக்கூட இந்த மனுஷர் எனக்கு விட்டுவைக்கவில்லை.

நல்ல மனசு உங்களுக்கு என்று அடித்துவிட்டு, அவரது கடைசி ஊரைச் சுற்றி வளைத்தேன். பிடிக்கவில்லை, விடவும் இல்லை. உள்ளே தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. முடித்துவிடுங்கள் அண்ணா என்று கெஞ்சினார். அண்ணன் தன்னைக் கோழை என்று நினைத்துவிடுவாரே என்ற பயத்தில் பாதியில் எழுந்து போகவும் மாட்டார். அவரைப் பற்றி எனக்குத் தெரியாதா?

தோழி சாப்பிடக் கூப்பிட்டாள். நிதானமாகத் தோசை தின்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். இன்னும் உட்கார்ந்திருந்தார். இருக்கிறீர்களா அண்ணா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. ஊருக்கு வெளியே ஒரே ஒரு வயல் பாக்கி இருந்தது. அதையும் கொளுத்தினேன்.